சித்திரகுப்தன் ஏடும் ஈயின் ஏடும்

வீட்டில் சாவு விழுகிறது. அழுகுரல் அடங்குமுன்பே ஒருவர் பஞ்சாங்கத்தைத் தேடுகிறார். "உயிர் பிரிந்த நேரம் என்ன? அப்போது என்ன நட்சத்திரம்?" என்று கேட்கிறார். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி ஆகிய ஐந்தில் ஒன்றாக இருந்துவிட்டால், "தனிட்டாபஞ்சமி" என்கிறார். உயிர் பிரிந்த அறையை, சில இடங்களில் வீட்டையே, மாதக்கணக்கில் அடைத்து வைக்கவேண்டும் என்கிறார். சாந்தி செய்யவேண்டும், தானம் தரவேண்டும் என்று பட்டியல் போடுகிறார். உழைத்துச் சோறு போட்டவனை இழந்து நிற்கும் குடும்பம், இருக்கும் இடத்தையும் இழந்து, கடனும் பட்டு, கண்ணீரோடு தெருவில் நிற்கிறது. இறந்த நேரத்தைக் கேட்டாரே அவர், யாருக்காகக் கேட்டார்? இறந்தவருக்காகவா? இல்லை! இருப்பவர்களை அச்சுறுத்துவதற்காகக் கேட்டார்.

அதே கேள்வியை வேறொருவரும் கேட்கிறார். புதர் மறைவில் கிடக்கும் பிணத்தின் அருகே குனிந்து நின்று, "இவன் இறந்து எத்தனை நாளாயிற்று?" என்று கேட்கிறார் அறிவியலாளர். அந்த நேரம் தெரிந்தால், கொன்றவன் என்று ஐயுறப்படுபவன் அப்போது எங்கே இருந்தான் என்று கேட்கலாம். நேரத்தைத் தவறாகக் கணித்தால் குற்றமற்றவன் தூக்குமேடை ஏறுவான். குற்றவாளி தோளை நிமிர்த்தி வீதியில் நடப்பான். கேள்வி ஒன்றுதான். ஒன்று அச்சத்தை வளர்க்கிறது. மற்றொன்று நீதியைத் தேடுகிறது.

சித்திரகுப்தன் என்றொரு கணக்கன், எமலோகத்தில் ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்து, யார் எப்போது சாவார் என்று எழுதி வைத்திருக்கிறான் என்பது நமக்குச் சொல்லப்பட்ட கதை. அந்த ஏட்டை எந்த நீதிமன்றமும் கண்டதில்லை. எந்த ஏழைக்கும் அது சாட்சி சொன்னதில்லை. ஆனால், வேறொரு ஏடு உண்டு. ஈ எழுதும் ஏடு. புழு எழுதும் ஏடு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எழுதும் ஏடு. நாம் அருவருத்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தில் அந்த ஏடு திறந்து கிடக்கிறது. அதை மனிதன் படிக்கக் கற்ற வரலாற்றையே இங்கே காண்போம்.

முதல் பக்கம் சீனத்தில் புரட்டப்பட்டது. 1247ஆம் ஆண்டு, சோங் சி என்ற நீதித்துறை அதிகாரி, மரண விசாரணை நடத்துவோருக்கு ஒரு கையேடு எழுதினார். 'அநீதியைக் கழுவுதல்' என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டார். அதில் ஒரு வழக்கைக் குறிக்கிறார். சாலையோரத்தில் ஒருவன் வெட்டுண்டு கிடக்கிறான். உடைமைகள் களவு போகவில்லை. ஆகவே வழிப்பறி அல்ல, பகை என்று விசாரணை அதிகாரி தெளிகிறார். காயங்கள் அரிவாளால் நேர்ந்தவை. சுற்று வட்டாரத்திலுள்ள அனைவரும் தத்தம் அரிவாளைக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று ஆணையிடுகிறார். எழுபது எண்பது அரிவாள்கள் தரையில் வரிசையாக வைக்கப்படுகின்றன. வெயில் காலம். ஈக்கள் பறந்து வந்து ஒரே ஒரு அரிவாளை மட்டும் மொய்க்கின்றன. துடைத்துவிட்டோம் என்று கொலைகாரன் எண்ணியிருந்தான். துடைத்தும் தங்கியிருந்த குருதி வாடையை ஈ அறிந்துகொண்டது. "மற்றவர் அரிவாள்களில் ஈ இல்லை, உன்னுடையதில் மட்டும் ஏன்?" என்று கேட்டார் அதிகாரி. அவன் தலையைத் தரையில் மோதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இங்கே மந்திரம் இல்லை, குறி கேட்கவில்லை, சாமியாடி வரவில்லை. கவனித்தல், ஒப்பிடுதல், காரணம் காணல் — இவை மூன்றே நடந்தன. சோங் சி பிழையே செய்யாதவர் என்று நாம் சொல்லவில்லை. இறந்தவரின் எலும்பில் ஒருவரின் குருதியைச் சொட்டவிட்டு, அது உள்ளே ஊறினால் உறவு உண்மை என்று கொள்ளும் தவறான சோதனையும் அதே நூலில் இருக்கிறது. பெரியவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்கவேண்டியதில்லை என்பதற்கு அதுவும் பாடமே.

அரிவாள் வழக்கு ஏட்டிலேறி முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பாவின் நிலை என்ன? கொலைகாரன் தொட்டால் பிணத்திலிருந்து குருதி கசியும் என்று நம்பினார்கள். ஐயத்துக்குரியவனை இழுத்து வந்து பிணத்தைத் தொடச் செய்தார்கள். பாமர மக்கள் மட்டுமா நம்பினார்கள்? ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், பேய் பிசாசுகளைப் பற்றித் தாமே எழுதி 1597இல் வெளியிட்ட நூலில், இதைக் கடவுள் காட்டும் அடையாளம் என்றே எழுதினார். ஆட்சி செய்தவரின் அறிவு அந்த அளவில் இருந்தது! மடமைக்கு நாடு இல்லை, நிறம் இல்லை. கேள்வி கேட்கும் துணிவு பிறக்கும் வரை எங்கும் அதுவே அரசோச்சும்.

அந்தத் துணிவு இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவரிடம் பிறந்தது. அழுகும் இறைச்சியிலிருந்து புழு தானாகவே தோன்றுகிறது என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வழிவழி வந்த கருத்து. அழுக்குத் துணியையும் கோதுமையையும் கலயத்தில் இட்டு மூன்று வாரம் வைத்தால் எலி பிறக்கும் என்று எழுதிய அறிஞரும் அக்காலத்தில் இருந்தார். ரெடி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. குடுவைகளில் இறைச்சியை இட்டார். சிலவற்றைத் திறந்து வைத்தார். சிலவற்றை மூடி ஒட்டினார். காற்று புகாததால்தான் புழு வரவில்லை என்று யாரேனும் சொல்லக்கூடும் என்று கருதி, சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். திறந்த குடுவையில் புழு நெளிந்தது. மூடிய குடுவையில் இறைச்சி அழுகியது. ஆனால் புழு இல்லை. துணியின் மேல் ஈக்கள் வந்து முட்டையிட்டன. 1668இல் இந்த ஆய்வை நூலாக வெளியிட்டார். ஈயின் முட்டையிலிருந்தே புழு, புழுவிலிருந்தே ஈ!

சின்னஞ்சிறு சோதனைதான். ஆயினும் அதன் விளைவு பெரிது. புழு தானாகத் தோன்றுவதென்றால் அதற்கு நாள் கணக்கு ஏது? ஈ வந்து முட்டையிட்ட பிறகே புழு பிறக்கிறது என்றால், புழுவின் வயதைக் கணக்கிட்டு, ஈ வந்த நாளைச் சொல்லலாம். பிணத்தின் காலக்கணக்கு அந்தக் குடுவையிலேதான் கருக்கொண்டது.

அடுத்த பக்கம் பிரான்சு நாட்டில் விரிகிறது. புதைத்த உடல்களைத் தோண்டியெடுத்து ஆராய்ந்த மருத்துவர் ஓர்ஃபிலா, உடலின் சிதைவில் புழுக்களுக்குப் பெரும் பங்குண்டு என்பதை 1831இல் எழுதினார். பிறகு 1850ஆம் ஆண்டு, ஆர்புவா என்ற சிற்றூரில் — லூயி பாஸ்டர் சிறுவனாக வளர்ந்த அதே ஊரில் — ஒரு வீட்டைப் பழுது பார்க்கும்போது, கணப்புக்குப் பின்னால் உலர்ந்துபோன பச்சிளங் குழந்தையின் உடல் கிடைத்தது. அப்போது அங்கே குடியிருந்தவர்கள் மீது ஐயம் விழுந்தது. ஆனால், அந்த வீட்டில் முந்தைய ஆண்டுகளில் வேறு பலரும் அடுத்தடுத்துக் குடியிருந்திருக்கிறார்கள். கொன்றது யார்? பெர்ஜெரே என்ற மருத்துவர் உடலை ஆராய்ந்தார். ஊன் ஈயின் புழுக்கூடுகளும், உலர்ந்த உடலைத் தேடி வரும் அந்துப்பூச்சியின் புழுக்களும் இருந்தன. ஈரம் இருந்தபோது ஈ வந்திருக்கவேண்டும். உலர்ந்த பின் அந்து வந்திருக்கவேண்டும். அவற்றைக் கொண்டு, சாவு 1848இல் நேர்ந்தது என்று கணக்கிட்டார். ஐயம் இருப்பவர்களை விட்டு, முன்பு இருந்தவர்கள் பக்கம் திரும்பியது.

இதிலும் ஒரு குறையை மறைக்காமல் சொல்லவேண்டும். ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக ஓராண்டு ஆகும் என்று பெர்ஜெரே எண்ணியிருந்தார். அது தவறு, வெப்பக் காலத்தில் சில வாரங்களே போதும். அவர் கணக்கின் அடிப்படை ஆட்டங்கண்டது. ஆனால் அவர் காட்டிய வழி நின்றது. தவறு செய்தவரை அறிவியல் தெய்வமாக்கி மூடி மறைப்பதில்லை. அவர் தவறைத் திருத்தி, அவர் வழியில் மேலும் ஓரடி நடக்கிறது.

அந்த அடியை எடுத்து வைத்தவர் மெஞ்ஞேன். படையில் கால்நடை மருத்துவராகப் பணிபுரிந்தவர். 1894இல் 'பிணங்களின் விலங்கினம்' என்ற நூலை வெளியிட்டார். திறந்தவெளியில் கிடக்கும் உடலை நாடிப் பூச்சிகள் கும்பலாக ஒரே நாளில் வருவதில்லை; அணியணியாக வருகின்றன; அவை எட்டு அணிகள் என்று வகுத்தார். புத்தம்புதிய உடலுக்கு முதலில் ஈக்கள். பிறகு கொழுப்பு நாறத் தொடங்கும்போது சில வண்டுகள். ஈரம் வற்றும்போது சிற்றுண்ணிகள். தோலும் மயிரும் மிஞ்சும்போது வேறு வண்டுகளும் அந்துகளும். ஓர் அணி தின்று விட்டுச்செல்வது அடுத்த அணிக்கு இரை. எந்த அணி வந்திருக்கிறது, எது வந்து போயிருக்கிறது என்று பார்த்தால் காலம் விளங்கும். நாட்டுக்கு நாடு, பருவத்துக்குப் பருவம் இந்த வரிசை மாறுபடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. வரிசை உண்டு என்ற உண்மை மாறவில்லை.

இந்தக் கணக்கு நடப்பதெப்படி? இறந்த முதல் இரண்டு மூன்று நாள்களில், உடல் குளிர்வது, விறைப்பது, குருதி கீழ்ப்பக்கம் தேங்குவது ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் நேரத்தைக் கணிப்பார். அதற்குப் பின் அவை பயன்படா. அங்கேதான் புழு பேசத் தொடங்குகிறது. பகற்பொழுதில் திறந்தவெளியில் கிடக்கும் உடலைப் பிண ஈ மிக விரைவில், சில வேளை சில நிமிடங்களிலேயே, கண்டுபிடித்துவிடும். கண், மூக்கு, வாய், காயம் ஆகிய ஈர இடங்களில் முட்டையிடும். முட்டை பொரித்துப் புழுவாகும்; புழு இருமுறை தோலுரித்து மூன்று பருவங்களைக் கடக்கும்; வயிறு நிறைந்ததும் உடலை விட்டு விலகி மண்ணுக்குள் சென்று கூடாகும்; கூட்டிலிருந்து ஈ வெளிவரும். ஒவ்வொரு பருவத்துக்கும் இத்தனை மணி என்பது ஈயின் இனத்தைப் பொறுத்தது. அதைவிட வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பம் கூடினால் வளர்ச்சி விரையும், குளிர்ந்தால் தாமதிக்கும். ஆகவே ஆராய்ச்சியாளர் நாளை மட்டும் எண்ணுவதில்லை. வெப்ப அளவையும் மணியையும் பெருக்கிக் கூட்டிக் கணக்கிடுகிறார். புழுக்களில் சிலவற்றைக் கொன்று பதப்படுத்தி அளக்கிறார். சிலவற்றை உயிரோடு வளர்த்து, எந்த இன ஈ வெளிவருகிறது என்று பார்க்கிறார். அந்த இடத்தின் வெப்பநிலைக் குறிப்பைத் தேடி எடுக்கிறார்.

அப்போதும் அவர் சொல்வது, "ஈ வந்து குறைந்தது இத்தனை நாளாயிற்று" என்பதே. துணியில் சுற்றியிருந்தால், அறையில் பூட்டியிருந்தால், மழையோ இரவோ குறுக்கிட்டால், ஈ வரத் தாமதமாகியிருக்கும். அதையும் சேர்த்தே எடை போடவேண்டும்.

1935 செப்டம்பர் 29ஆம் நாள், ஸ்காட்லாந்தில் மொஃபட் நகருக்கு அருகிலுள்ள ஓடையில், துண்டு துண்டாக வெட்டிப் பொட்டலங்களாகக் கட்டிய மனித உடற்பகுதிகள் கிடந்தன. அடையாளம் தெரியாதபடி முகங்கள் சிதைக்கப்பட்டிருந்தன. உடற்கூறு அறிந்த கை அது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் மெர்ன்ஸ் அவற்றிலிருந்த புழுக்களை ஆராய்ந்து, அவற்றின் வயது 12 முதல் 14 நாள் என்று மதிப்பிட்டார். சுற்றியிருந்த செய்தித்தாளின் நாள் செப்டம்பர் 15. பம்பாயில் பிறந்து இங்கிலாந்தின் லங்காஸ்டரில் மருத்துவம் செய்துவந்த பக் ரக்ஸ்டனின் மனைவியும் பணிப்பெண்ணும் காணாமற்போனது அந்த நாள்களில்தான். பல சான்றுகள் ஒன்று சேர்ந்தன. அவற்றுள் புழுவின் சான்றும் ஒன்று. 1936 மே மாதம் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டான். படித்த கொலைகாரன் முகத்தை அழித்தான், விரல் நுனிகளை அறுத்தான், ஈயை மறந்தான்.

நேரக் கணக்கு தவறினால் என்னவாகும் என்பதையும் காண்போம். 1959ஆம் ஆண்டு, கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். அவளைச் சைக்கிளில் ஏற்றிச் சென்ற ஸ்டீவன் டிரஸ்காட் மீது குற்றம் சாட்டினார்கள். அவனுக்கு வயது 14. இரைப்பையில் உணவு இருந்த நிலையைக் கொண்டு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளிக்குள் சாவு நேர்ந்தது என்று அடித்துச் சொன்னார் மருத்துவர். அந்த இடைவெளியில் அவளோடு இருந்தவன் அந்தச் சிறுவன். தீர்ப்பு என்ன? தூக்கு! பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தூக்கு! பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பத்தாண்டு சிறையில் கழிந்தது. இரைப்பையைக் கொண்டு அவ்வளவு துல்லியமாக நேரம் சொல்ல இயலாது என்பது உறுதியாகி, 2007ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்போது அவர் அறுபதைத் தாண்டியவர். ஒரு வாழ்வே போயிற்று. நேரத்தை மிகை உறுதியோடு சொன்னதன் விலை அது.

ஆகவேதான் மேலும் மேலும் சோதனைகள் தேவைப்பட்டன. 1965இல் ஜெர்ரி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர், இறந்த பன்றிக்குட்டிகளைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டார். பூச்சிகள் அணுகும்படி விட்டவற்றில் ஆறே நாளில் பத்தில் ஒன்பது பங்கு மறைந்தது. பூச்சிகளைத் தடுத்தவை பல நாள்கள் உருக்குலையாமல் உலர்ந்து கிடந்தன. அங்கே வந்து சென்ற உயிரினங்களை எண்ணினார், 522 வகை! ரெடியின் குடுவைச் சோதனை மூன்று நூற்றாண்டு கடந்து விரிந்த கோலம் அது.

1977இல் டென்னசி மாநிலத்தில் கலைக்கப்பட்ட கல்லறை ஒன்றில் கிடந்த உடலைப் பார்த்து, இறந்து ஓராண்டுக்குள்தான் இருக்கும் என்று கருதினார் பேராசிரியர் வில்லியம் பாஸ். உண்மையில் அது 1864இல் போரில் மாண்ட ஒரு படைத்தலைவரின் உடல். பதனிட்டு இரும்புப் பெட்டியில் வைத்ததால் கெடாமலிருந்தது. ஏறக்குறைய 113 ஆண்டுப் பிழை! பேராசிரியர் என்ன செய்தார்? "என் வாக்குப் பொய்க்காது" என்று சாதித்தாரா? இல்லை. தம் பிழையைத் தாமே ஊரறியச் சொன்னார். இதுபற்றி நாம் அறிந்தது போதாது என்று, 1981இல் டென்னசி பல்கலைக்கழகத்தில், மக்கள் கொடையாக அளித்த உடல்கள் வெயிலிலும் மழையிலும் எவ்வாறு சிதைகின்றன என்று ஆராயும் நிலையத்தைத் தொடங்கினார். நாள் பொய்த்த சோதிடன் எவனாவது ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதுண்டா?

ஈயும் புகாத இடம் உண்டு; பனிக்காலம் உண்டு. அங்கே என் செய்வது? ஈ இல்லாத இடத்திலும் நுண்ணுயிர் உண்டு. நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. உயிருள்ளவரை உடலின் காவல் அவற்றை எல்லைக்குள் நிறுத்துகிறது. உயிர் நின்றதும் காவல் நீங்குகிறது. அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை படர்வதும், வயிறு ஊதுவதும் அவற்றின் வேலையே. உயிர்வளி தீர்ந்ததும், அது இல்லாமல் வாழும் வகைகள் பெருகுகின்றன; வயிறு வெடித்துக் காற்றுப் புகுந்ததும் மீண்டும் வேறு வகைகள் தலையெடுக்கின்றன; கீழேயுள்ள மண்ணின் நுண்ணுயிர்களும் மாறுகின்றன. பூச்சிகளைப் போலவே இவற்றுக்கும் வரிசை உண்டு. ஜெசிக்கா மெட்காஃப் என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் 2013இல் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து, 48 நாள் வரையிலான காலத்தில் ஏறக்குறைய மூன்று நாள் வேறுபாட்டுக்குள் சாவின் நாளைச் சொல்லலாம் என்று காட்டினர். 2024இல் வெளிவந்த ஆய்வில், அமெரிக்காவில் தட்பவெப்பம் வேறுபட்ட மூன்று இடங்களில், கொடையாக வந்த 36 மனித உடல்களை ஆராய்ந்தனர். இடம் மாறினும் பருவம் மாறினும், சிதைவை நடத்தும் நுண்ணுயிர்க் கூட்டம் பெரிதும் ஒன்றாகவே இருக்கக் கண்டனர். அவற்றைச் சுமந்து வருவதில் ஈக்களுக்கும் வண்டுகளுக்கும் பங்கிருக்கிறது என்றும் கண்டனர்.

"மூன்று நாள் முன்பின்னாக இருக்கலாம்" என்று அறிவியல் சொல்வதைக் கவனியுங்கள் தோழர்களே! தன் பிழையின் அளவையும் சேர்த்துச் சொல்கிறது. பஞ்சாங்கம் அப்படிச் சொல்வதுண்டா? தன் பிழையை அளந்து சொல்பவனை நம்பலாம். பிழையே இல்லை என்பவனிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை, நமக்கென்ன என்று கேட்கவேண்டா. பிணத்தைத் தொட்டால் தீட்டு என்றது நம் சமுதாயம். தொட்டுப் புதைத்தவனை, எரித்தவனை, ஊருக்கு வெளியே தள்ளியது. சாவைப் பற்றிய அறிவு அவனுக்கே இருந்தது. ஏடு அவன் கைக்குத் தரப்படவில்லை. ஏடு வைத்திருந்தவனோ பிணத்தருகே வரவில்லை. கையும் கண்ணும் ஒரு பக்கம், எழுத்து மறு பக்கம் என்று பிரித்து வைத்த நாட்டில் உடற்கூற்று அறிவு வளர்வதெப்படி? 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்து ஆராய்ந்தபோது, அவர் அறுத்தது உடலை மட்டுமல்ல. நூற்றாண்டுகளாக நம் கையைக் கட்டியிருந்த கயிற்றையும் சேர்த்தே அறுத்தார்.

அந்தக் கயிற்றின் மிச்சம் இன்றும் இருக்கிறது. "உடலை அறுக்காதீர்கள், ஆத்மா சாந்தியடையாது" என்பார்கள். "பொழுது சாயுமுன் எரித்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். நல்லெண்ணத்தோடு சொல்வோரும் உண்டு. ஆனால் அந்த அவசரத்தால் வாழ்ந்தவன் யார்? சாதி வெறியால் பெற்ற மகளையே கொன்று, விடியுமுன் சுடலையில் எரிப்பவன். வரதட்சணைக்காக மருமகளைக் கொன்று, "வயிற்று வலி" என்று சொல்பவன். எளியவனை அடித்துக் கொன்று, ஓடையில் எறிபவன். பிணம் பேசிவிடும் என்று அஞ்சுபவன் அவனே. தீட்டு, சாந்தி, நல்ல நேரம் என்ற சொற்களெல்லாம் அவன் ஒளிந்துகொள்ளும் திரைகளாகின்றன.

ஆகவே இளைஞர்கள் செய்யவேண்டியது உண்டு. ஐயத்துக்குரிய சாவு நேர்ந்தால், முறையான பிணப் பரிசோதனை வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள். பிணவறையில் பணிபுரியும் தோழரைச் சமமாக மதித்து உடன் உட்காருங்கள். சாவு வீட்டில் பஞ்சாங்கம் நுழைந்தால், "அடைக்கவேண்டியது அறையை அல்ல, அந்த ஏட்டை" என்று அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். இறந்தபின் நம் உடல் மருத்துவக் கல்லூரிக்குப் பயன்படட்டும் என்று இன்றே எழுதி வையுங்கள்.

சித்திரகுப்தன் ஏடு நம்மை அழவைத்தது, அடங்கவைத்தது. ஈயின் ஏடு, கொலையுண்ட பச்சிளங் குழந்தைக்காகவும், நாதியற்றுப் புதரில் கிடந்தவனுக்காகவும் நீதிமன்றத்தில் நின்று பேசியது. எந்த ஏட்டைப் படிப்பது என்று முடிவு செய்யவேண்டியவர்கள் நாம்!